கருவறை இல்லாத கோயில்கள்

1800-ஆம் ஆண்டை ஒட்டி இரண்டு கோயில்களுக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. ஒன்று சென்னையில், மவுண்ட் ரோடு தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில். பார்த்தால் ரோமானியக் கோயில். இன்னொன்று இங்கிலாந்தின் தென்பகுதியில், மெல்செட் பார்க் என்ற மாளிகைத் தோட்டத்துக்குள். பார்த்தால் இந்துக் கோயில். சென்னைக் கட்டடத்தைக் கட்டியவர் மாமல்லபுரத்தை நேரில் பார்த்து அதைப் பற்றிக் கட்டுரையே எழுதியவர். மெல்செட் கோயிலை வடிவமைத்தவர் மாமல்லபுரத்தையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் நேரில் பார்த்து வரைந்தவர். அங்கே இருக்க வேண்டியது இங்கேயும், இங்கே இருக்க வேண்டியது அங்கேயும் எழும்பியது. இரண்டிலும் சாமி மட்டும் கிடையாது.

மெல்செட் கோயில் இப்போது இல்லை. சென்னைக் கோயில் இருக்கிறது. அதுதான் ராஜாஜி ஹால்.

ராஜாஜி ஹால் பற்றி இணையத்தில் தமிழில் எழுதப்படுவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, "ஏதென்ஸ் பார்த்தினானைப் போலவே நம் சென்னையில்" என்று பெருமைப்படுவது. இன்னொன்று, வெள்ளைக்காரன் நம்மை ஜெயித்ததற்குக் கட்டிய அடிமைச் சின்னம் என்று திட்டுவது. இரண்டாவதில் உண்மை இருக்கிறது, அதற்கு வருகிறேன். ஆனால் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. கட்டடமாக அது நல்ல கட்டடமா? எதை வைத்து அதை எடை போடுவது? அதற்கு அது எந்த ஜாதிக் கட்டடம் என்று முதலில் தெரிய வேண்டும். ராஜாஜி ஹாலின் சொந்தக்காரர்கள் ஏதென்ஸில் இல்லை, இங்கிலாந்தின் மாளிகைத் தோட்டங்களில் இருக்கிறார்கள்.

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பணக்காரர்களின் கிராமத்து மாளிகை என்றால், நம்ம ஊர் ஜமீனை நினைத்துக்கொள்ளலாம். நடுவில் மாளிகை, சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஏக்கர். அந்த ஏக்கர்களில் புல்வெளி, ஏரி, மரக்கூட்டம், இவற்றுக்கு நடுவே அங்கங்கே ஒரு கிரேக்க, ரோமானியக் கோயில். பூஜை கிடையாது, பூசாரி கிடையாது. ஏரியைச் சுற்றி நடந்து வருகிற விருந்தாளி தூரத்திலிருந்து பார்த்து "அடடா" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. களைத்துப் போனால் உள்ளே உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீர் குடிக்கலாம்.

வில்ட்ஷயரில் இருக்கிற ஸ்டவர்ஹெட் இதற்கு மிகச் சிறந்த உதாரணம். ஹென்றி ஹோர் என்ற லண்டன் பேங்க் முதலாளியின் தோட்டம். சின்ன ஆற்றை மறித்து ஏரி உண்டாக்கி, ஹென்றி ஃப்ளிட்கிராஃப்ட் என்ற கட்டடக் கலைஞரை வைத்து அதன் கரையில் கோயில்களைக் கட்டினார். 1740-களில் ஃப்ளோரா கோயில், 1750-களில் ரோமில் இருக்கிற பேந்தியானின் குட்டி வடிவம், 1765-ல் அப்பல்லோ கோயில். கரையோரமாக நடக்க நடக்க ஒரு கோயில் மறையும், அடுத்தது எதிர்க்கரையில் தெரியும். தண்ணீரில் அதன் நிழல் விழும். பேந்தியானை ஏரியின் இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் அழகு. கிட்டே போனால், சரி, நல்ல மண்டபம் என்று தோன்றும், அதற்கு மேல் எதுவும் இல்லை. நம்ம ஊர்க் கோயில் இதற்கு நேர் எதிர். ராஜகோபுரம் தூரத்திலிருந்து கூப்பிடும், ஆனால் உள்ளே போகப் போகத்தான் விஷயம். பிராகாரம், அர்த்த மண்டபம், இருட்டு, விளக்கு. சில முழ அகலமுள்ள ஒரு கருவறைக்காகத்தான் அத்தனை மதில்களும். தோட்டக் கோயிலுக்குக் கருவறையே இல்லை. அதன் மூலஸ்தானம் எதிர்க்கரையில், பார்க்கிறவர் நிற்கிற இடத்தில் இருக்கிறது.

ஃப்ளோரா கோயில் வாசலுக்கு மேல் ஹோர் ஒரு வரியைப் பொறித்து வைத்தார். வர்ஜிலின் காவியத்திலிருந்து எடுத்த லத்தீன் வரி. தகுதியில்லாதவர்களே, விலகிப் போங்கள் என்று பொருள். படித்தவர்களுக்கான சிரிப்பு அது. உள்ளே காக்க வேண்டிய சாமியே இல்லாத கோயிலில் யாரைத் தடுக்கப் போகிறார்கள்? இதைப் படிக்கும்போது தமிழ் வாசகருக்கு அவ்வளவு சுலபமாகச் சிரிப்பு வராது. அந்த மாதிரி வாசகம் விளையாட்டாக இல்லாமல் நிஜமாகவே அமலில் இருந்த கோயில்கள் நம்முடையவை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் எல்லாரும் போக 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்துத் தோட்டத்திலும் விலக்கி வைப்பது சிரிப்போடு நிற்கவில்லை. பக்கிங்ஹாம்ஷயரில் ஸ்டோ தோட்டம் விரிந்தபோது ஸ்டோ என்ற கிராமமே காணாமல் போனது. பழைய தேவாலயம் மட்டும் மரங்களுக்கு நடுவே மறைந்து நிற்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட் பக்கத்தில் நியூனம் கோர்ட்னியில் நடந்தது இன்னும் மோசம். 1760-களில் ஹார்கோர்ட் பிரபு, மாளிகையிலிருந்து பார்க்கும்போது கண்ணை உறுத்துகிறது என்று கிராமத்தைப் பெயர்த்து, ரோட்டோரமாக இரண்டு வரிசை வீடுகளாகக் கொண்டுபோய் வைத்தார். பழைய தேவாலயத்தை இடித்துவிட்டுத் தூணும் குவிமாடமும் வைத்த புதுத் தேவாலயம் கட்டினார். தோட்டத்தைப் பார்த்து நிற்கிற ஆறு தூண் முகப்பு வெறும் பார்வைக்கு. ஊர்க்காரர்கள் ஜெபத்துக்குப் போக வேறு பக்கம் வாசல். நிஜமான வழிபாட்டு இடத்தையே அலங்காரப் பொருளாக மாற்றிய கதை இது. ஆலிவர் கோல்ட்ஸ்மித் 1770-ல் வெளியிட்ட 'கைவிடப்பட்ட கிராமம்' என்ற நெடுங்கவிதைக்கு இந்த ஊர்தான் மூலம் என்று பலர் சொல்கிறார்கள். அழகான பார்வை என்பது யாரோ ஒருவருடைய வீட்டை அகற்றிக் கிடைத்ததாக இருக்கலாம். தோட்டக் கோயில்களை ரசிக்கும்போது இதை ஓரமாக நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ரசிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்டவர்ஹெட் அழகுதான்.

சரி, மெல்செட். கம்பெனிப் படையில் மேஜராக இருந்த ஜான் ஆஸ்போர்ன், ஊர் திரும்பி வாங்கிய தோட்டம் அது. தாமஸ் டேனியலை வைத்து அதற்குள் ஓர் இந்துக் கோயில் கட்டினார். தாமஸும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் 1792, 93-ல் தமிழ்நாட்டைச் சுற்றி வந்து வரைந்த படங்களை, பழைய சென்னைப் படங்கள் பகிர்கிற பக்கங்களில் எல்லாரும் பார்த்திருப்போம். அந்தக் கோயிலுக்குள் வைத்திருந்த சிலை யாருடையது தெரியுமா? வாரன் ஹேஸ்டிங்ஸ். தாமரையிலிருந்து எழுகிற மாதிரி மார்பளவுச் சிலை. நாடுகளையும் சட்டங்களையும் காக்க அவ்வப்போது உருவம் எடுத்து வருகிற இந்தியத் தெய்வ சக்திகளில் இவரும் ஒருவர் என்ற பொருளில் கல்வெட்டு வேறு. யுகந்தோறும் வருவேன் என்று கண்ணன் சொன்ன கணக்கில் ஹேஸ்டிங்ஸைச் சேர்த்துவிட்டார்கள். சார்லஸ் வில்கின்ஸ் 1785-ல் கீதையை இங்கிலீஷில் கொண்டுவந்தபோது முன்னால் வைக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தவரே ஹேஸ்டிங்ஸ்தான் என்பதால், இந்த விஷயம் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் புரிந்திருக்கும். ஹேஸ்டிங்ஸ் மீது நாடாளுமன்றத்தில் ஊழல், கொடுமைக் குற்றச்சாட்டுகள் வைத்து 1788-லிருந்து 1795 வரை விசாரணை நடந்து கடைசியில் விடுதலையானவர். ஆக மெல்செட் கோயில் ஒரு கட்சிக்காரர் தன் தலைவருக்கு எடுத்த கட்அவுட். கொஞ்சம் நாசூக்கான கட்அவுட்.

இதே தாமஸ் டேனியலின் கைவண்ணம் குளோஸ்டர்ஷயரில் செசின்கோட் தோட்டத்தில் இன்னும் இருக்கிறது. குளத்துக்குத் தலைமாட்டில் சூரியன் கோயில், பாலத்தின் மேல் நந்திகள். கம்பெனிப் பணம்தான் அங்கேயும்.

இப்போது சென்னைக்கு வருவோம். 1798-லிருந்து 1803 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர் எட்வர்ட் கிளைவ். பிளாசி ராபர்ட் கிளைவின் மகன். அப்பா இந்தியாவில் சேர்த்த பணத்தில் சர்ரேயில் கிளேர்மாண்ட் என்ற பேர்போன தோட்டத்தை வாங்கி, கேப்பபிலிட்டி பிரௌனை வைத்துப் புது மாளிகை கட்டிக்கொண்டவர். மகனுக்குத் தோட்டம், ஏரி, தூண் மண்டபம் எல்லாம் வீட்டுச் சமாச்சாரம். அந்தக் கால மதராஸில் வெள்ளைக்காரர்கள் கோட்டைக்குள் நெருக்கியடித்து வாழ்வதை விட்டுவிட்டு மவுண்ட் ரோட்டுக்கு இருபுறமும் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அடையாற்றங்கரையில் ஜார்ஜ் மௌப்ரே வாங்கிய நிலம் மட்டும் 105 ஏக்கர். இன்றைக்கு மெட்ராஸ் கிளப் இருக்கிற இடம் அது. சென்னையில் 'கார்டன்' என்று முடிகிற தெருப்பெயர்களில் பல அந்தக் காலத்து எச்சம். கவர்னருக்கும் ஒரு தோட்ட வீடு இருந்தது. அந்தத் தோட்டத்துக்குள், மாளிகையிலிருந்து விலகி, தனியாக நிற்கிற மாதிரி விருந்து மண்டபம் ஒன்று கட்டச் சொன்னார் கிளைவ். 1802-ல் முடிந்தது.

கட்டியவர் ஜான் கோல்டிங்ஹாம். இந்த மனிதரைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம். அவர் தொழில்முறைக் கட்டடக் கலைஞர் இல்லை, கம்பெனியின் வானியலாளர். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தைப் பார்த்துக்கொண்டவர். பின்னாளில் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் தினமும் வெடிக்கிற பீரங்கியின் வெளிச்சம் தெரிவதற்கும் சத்தம் வந்து சேர்வதற்கும் நடுவில் எத்தனை விநாடி என்று கணக்கெடுத்து ஒலியின் வேகத்தை அளந்தவர். 'ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்' ஐந்தாம் தொகுதியில் மாமல்லபுரச் சிற்பங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இருக்கிறது. ஒரு பல்லவர் ஊரைக் கல் கல்லாகப் பார்த்துவிட்டு வந்த மனிதர், தன்னிடம் கட்டட வேலை வந்தபோது அதிலிருந்து ஒரு பொதிகையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மாமல்லபுரம் அவருக்குக் கட்டுரைக்கான பொருள், கட்டுவதற்கு ரோம். டேனியலுக்கும் மெல்செட்டுக்கும் இதே கணக்குத்தான், திசை மட்டும் வேறு. இந்தியாவை இங்கிலாந்தில் வைத்தால் அது விளையாட்டு, ரோமை இந்தியாவில் வைத்தால் அது அதிகாரம்.

பார்த்தினான் பெருமைக்கு ஒரு வார்த்தை. பார்த்தினானில் நாலு பக்கமும் சுற்றி ஓடுகிற மூன்றே படி. எந்தப் பக்கமிருந்தும் அணுகலாம். ராஜாஜி ஹாலோ உயரமான மேடை மேல் நிற்கிறது, முகப்பில் அகலமான, நீளமான படிக்கட்டு. 'முன்பக்கம் இதுதான், கீழே நின்று அண்ணாந்து பார்' என்று சொல்கிற அமைப்பு. அது ரோமானியக் கோயிலின் குணம். கிரேக்கக் கோயில் அப்படிச் சொல்லாது. பார்த்தினான் பளிங்குக் கல். இது செங்கல்லும் சுண்ணாம்பும். கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி மினுங்க வைக்கிற மதராஸ் சுண்ணாம்பு வேலை அன்றைக்கு ஊரெல்லாம் பிரபலம். என்னைக் கேட்டால் அந்தக் கட்டடத்தில் பெருமைப்பட வேண்டியது அந்தப் பூச்சு வேலைக்குத்தான். கிரேக்கம் கோல்டிங்ஹாமுடையதும் இல்லை, நம்முடையதும் இல்லை. அந்தத் தூண்களைத் தூணாகக் காட்டிய கை மட்டும் இந்த ஊர்க் கொத்தனாருடையது. அவர் பேர் எங்கேயும் இல்லை.

முகப்பு முக்கோணங்களில் வெற்றிச் சின்னங்கள். ஒருபக்கம் 1757 பிளாசி, மறுபக்கம் 1799 ஸ்ரீரங்கப்பட்டணம். அப்பா ஜெயித்த போர் ஒன்று, மகன் காலத்தில் திப்பு விழுந்த போர் ஒன்று. 'அடிமைச் சின்னம்' என்கிறவர்கள் சொல்வது இந்த வகையில் சரி. சாமி இல்லாத கோயிலில் கம்பெனியின் வெற்றியே சாமி. அதே காலத்தில் தேனாம்பேட்டைப் பக்கம் ரோட்டோரமாகக் கார்ன்வாலிஸுக்கு ஒரு வட்ட மண்டபம் எழுப்பினார்கள். தூண்களின் மேல் குவிமாடம், அச்சு அசல் தோட்டக் கோயில். தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய சிலையின் பீடத்தில், 1792-ல் திப்புவின் இரண்டு சிறு பையன்களைப் பணயமாகக் கார்ன்வாலிஸ் பெற்றுக்கொள்கிற காட்சி. மண்டபம் அப்புறம் இடம் மாறிக் கோட்டைக்குள் போய்விட்டது, சிலை கோட்டை மியூசியத்தில். தேனாம்பேட்டையில் மிச்சம் செனடாப் ரோடு என்ற பெயர்தான். ஆட்டோக்காரர்களிடம் கேட்டால் யாரோ செனடாப் துரை பேரில் வைத்தது என்பார்கள்.

தோற்றவர்களும் கட்டினார்கள் என்பது இதில் ருசியான பகுதி. ஹெக்டர் மன்றோ என்று ஒரு தளபதி (மவுண்ட் ரோட்டில் அங்கவடி இல்லாமல் குதிரையில் உட்கார்ந்திருக்கிற தாமஸ் மன்றோ வேறு ஆள்). 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் பெய்லியின் படையை நசுக்கியபோது, மன்றோ தன் பெரும் படையோடு காஞ்சிபுரத்தில் இருந்தார். உதவிக்குப் போய்ச் சேரவில்லை. பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாக மதராஸுக்குப் பின்வாங்கினார். மறு வருடம் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஊருக்குப் போனதும் ஸ்காட்லாந்தில் தன் நிலத்துக்கு மேலே ஃபைரிஷ் என்ற குன்றின் உச்சியில் நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலை நினைவுபடுத்துகிற ஒரு கல் வாசல் கட்டினார். பின்னால் கோட்டையும் இல்லை, ஊரும் இல்லை, வாசல் மட்டும். பஞ்சத்தில் இருந்த ஊர் ஜனங்களுக்கு வேலை கொடுக்கத்தான் கட்டினார் என்றும், வேலை நீள வேண்டும் என்பதற்காக ஏற்றிய கல்லை ராத்திரியில் உருட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொல்வார் என்றும் கதை. கதை உண்மையோ பொய்யோ, வாசல் இன்னும் நிற்கிறது, மலையேறுகிறவர்கள் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். காஞ்சிபுரத்துக் குளத்துக்கு அவர் நினைவுச் சின்னம் எதுவும் எழுப்பவில்லை.

நான் இருக்கிற வடக்குப்பட்டும் அந்தக் காஞ்சிபுரம் மாவட்டம்தான். இங்கிருந்து ஒரகடம் பக்கம் வண்டியில் போனால், கார் கம்பெனி மதில்களுக்கும் லாரி வரிசைக்கும் நடுவில், மனைப்பிரிவுகளின் நுழைவு வாயில்களைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் உருண்டைத் தூண், மேலே முக்கோணம், தூண் தலையில் இலை வேலைப்பாடு, சில இடங்களில் இரண்டு குதிரை. பின்னால் என்ன? கல் நட்ட மனைகள், தார் ரோடு, முள்ளு, கொஞ்சம் பழைய வயல். ஃபைரிஷ் குன்றில் பார்த்த அதே விஷயம், ஊர் இல்லாத ஊர்வாசல். படித்த நண்பர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அவ்வளவு சிரிப்பு வருவதில்லை. லண்டன் பேங்க்காரர் ஹென்றி ஹோரும் காசு கொடுத்து ரோமை வாங்கினவர்தான். அவர் விருந்தாளிக்கு வர்ஜில் தெரியும், இங்கே மாதத் தவணை கட்டப் போகிறவருக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான். தோட்டக் கோயில் எப்படி எதிர்க்கரையிலிருந்து பார்க்கக் கட்டப்பட்டதோ அப்படியே இந்த வாயில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற காரிலிருந்து பார்க்கக் கட்டப்பட்டது. அந்த வேலையை ஒழுங்காகவே செய்கிறது.

ஆனால் விமர்சனம் என்று வந்தால் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தூண் பார்வைக்கு அப்பால் வேறு ஏதாவது வேலை செய்கிறதா? செட்டிநாட்டு வீடுகளில் இத்தாலியப் பளிங்கும் இலை வைத்த தூண் தலையும் உண்டு, ஆனால் அந்தத் தூணுக்குக் கீழே திண்ணை இருக்கிறது. நிழல் இருக்கிறது, யாராவது உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டவர்ஹெட் கோயிலில்கூட மழைக்கு ஒதுங்கலாம். மனைப்பிரிவு வாயிலின் முக்கோணம் ஒரு சாண் நிழல் தருவதில்லை. காவல்காரர் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூணடியில் போடாமல் எதிரில் இருக்கிற வேப்ப மரத்தடியில் போட்டிருப்பார். இதுதான் என் புகார். அந்நிய வடிவம் என்பது எனக்குப் பிரச்சினை இல்லை. 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை எங்கள் வடக்குப்பட்டில் தோண்டியபோது கற்காலக் கருவிகளோடு ரோமானியச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. ரோமிலிருந்து சரக்கு வருவது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. ஆனால் அந்தச் சாடிக்குள் ஏதோ ஒன்று இருந்தது.

இதே சாலைத் தொகுப்பில், ஸ்ரீபெரும்புதூரில், ராஜீவ் காந்தி நினைவிடம் இருக்கிறது. கே.டி. ரவீந்திரன் வடிவமைத்து 2003-ல் திறந்தது. தோட்டத்துக்கு நடுவே, 1991 மே 21 அன்று குண்டு வெடித்த இடத்தைச் சுற்றி ஏழு தூண்கள், ஒவ்வொன்றுக்கும் தர்மம், சத்தியம், நியாயம் என்று ஒரு பெயர். மேலே கூரை இல்லை. ஸ்டோவில் சாக்ரடீஸ், ஹோமர் முதலிய நாலு பேரை நிறுத்தி 'பண்டைய நற்குணத்தின் கோயில்' என்று பெயர் வைத்த அதே மரபு, தூணுக்கு ஒரு குணம். பெயர்கள் எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தோன்றுகின்றன, பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போடுகிற மாதிரி. ஆனால் தூண்கள் எதையும் தாங்காமல் நிற்பது அங்கே பொருந்துகிறது. நடுவில் இல்லாமல் போன ஒன்றைச் சுற்றித்தான் அவை நிற்கின்றன. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. கிட்டே நடந்து போனால்தான் உறைக்கிறது.

ராஜாஜி ஹாலுக்கும் நடந்தது இப்படி ஒன்றுதான். சுதந்திரத்துக்கு அப்புறம் ராஜாஜி பெயர் வந்தது. பெயர் மாற்றம் ஒரு கட்டடத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை. மாற்றியது அந்தப் படிக்கட்டு. 1969-ல் அண்ணா, 1973-ல் பெரியார், 1987-ல் எம்.ஜி.ஆர்., 2016-ல் ஜெயலலிதா, 2018-ல் கருணாநிதி. ஒவ்வொருவர் உடலும் அங்கே வைக்கப்பட்டது, ஜனங்கள் கீழே வரிசையில் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 1987-ல் எம்.ஜி.ஆரின் தலைமாட்டில் நின்ற ஜெயலலிதா, 29 வருடம் கழித்து அதே மண்டபத்தில் கிடத்தப்பட்டார். தமிழ்நாட்டில் டிவி இருந்த எல்லா வீட்டுக்கும் அந்தப் படிகள் தெரியும், மேலே இருக்கிற முக்கோணத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கவர்னர் மேலே நிற்க, விருந்தாளிகள் கீழிருந்து பார்த்து ஏறி வர வேண்டும் என்று கோல்டிங்ஹாம் போட்ட படிக்கட்டு, ஒரு சடலத்தை லட்சம் பேர் பார்ப்பதற்கு அளவெடுத்த மாதிரி பொருந்திவிட்டது. சாமி இல்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன பெரியார் கருவறை இல்லாத ஒரு கோயில் வடிவக் கட்டடத்தில் கிடத்தப்பட்டார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இதைவிடப் பொருத்தமான இடம் ஊரில் வேறு இருந்ததாகத் தெரியவில்லை.

கட்டடமாக அது நல்லதா என்ற கேள்விக்கு என் பதில் இது. தோட்டக் கோயிலாக ராஜாஜி ஹால் சுமார்தான். ஸ்டவர்ஹெட் கோயில்களின் இலகு இதற்கு இல்லை, கொஞ்சம் விறைப்பு. 19-ஆம் நூற்றாண்டில் சுற்றிலும் சேர்த்த வேலைகளில் பழைய உருவம் இன்னும் கனத்துவிட்டது. உள்ளே இருக்கிற கூடம் பெரிய கூடம், அவ்வளவுதான். நிஜமாகவே நன்றாக அமைந்தது மேடையும் படியும் அதற்கு முன்னால் இருக்கிற வெளியும். அந்த மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் கட்டடம். வெளி போனால், எதிர்க்கரை இல்லாத ஸ்டவர்ஹெட் மாதிரி ஆகிவிடும்.

அந்த வெளிக்குத்தான் ஆபத்து. கவர்னர் தோட்டம் துண்டு துண்டாகப் போய் ரொம்ப நாளாகிறது. பழைய அரசினர் மாளிகையைப் புதுச் சட்டமன்ற வளாகத்துக்காக இடித்தார்கள். அந்த வளாகம் 2010-ல் திறந்து, 2014-ல் ஓமந்தூரார் பல்நோக்கு மருத்துவமனை ஆனது. பக்கத்தில் கலைவாணர் அரங்கம் புதுசாக எழும்பியது. மருத்துவமனை வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் பாரம்பரியக் கட்டடம் என்று பேச்சு வரும்போதெல்லாம் தூணுக்கு வெள்ளையடிப்பது, முக்கோணத்து உதிர்ந்த காரையைப் பூசுவது என்றே பேச்சு போகிறது. கட்டடத்தின் விளிம்பிலேயே 'பாரம்பரியம்' முடிந்துவிடுகிறது. படிக்கட்டின் அடியிலிருந்து முன்னால் எத்தனை அடி எதுவும் கட்டாமல் இருக்க வேண்டும், கார் நிறுத்தும் இடம் எங்கே முடிய வேண்டும், மவுண்ட் ரோட்டுப் பக்கமிருந்து நடந்து வருகிறவருக்கு முகப்பு முழுசாக எந்த இடத்தில் தெரிய வேண்டும் என்று அளந்து வரைபடத்தில் கோடு போட்டு வைப்பதுதான் முதல் வேலை. காரையை அடுத்த வருடம்கூடப் பூசிக்கொள்ளலாம்.